கோண உந்த மாறா விதியை வகுப்பறையில் செய்துகாட்டுதல்: முழுமையான வழிகாட்டி

சுழல் நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து, விரித்த கைகளை நெஞ்சோடு சேர்க்கச் சொன்னால் வேகம் கூடும். வகுப்பு கைதட்டும். அப்புறம் "ஏன் கூடியது?" என்று கேட்டுப் பாருங்கள். "எடை குறைந்ததால்", "காற்றுத் தடை குறைந்ததால்", "கையை இழுத்த விசை சுற்றிவிட்டதால்" என்று மூன்று பதில்கள் வரும். மூன்றும் தவறு. செய்துகாட்டியது நன்றாக நடந்திருக்கிறது, பாடம் போய்ச் சேரவில்லை.

அதனால் கீழே உள்ள வரிசை வேடிக்கைக்கான வரிசை அல்ல, இந்தப் பதில்களுக்கு ஒவ்வொன்றாக இடமில்லாமல் செய்வதற்கான வரிசை. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சைக்கிள் சக்கரத்தோடு தொடங்குகிறார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணைப் பறிக்கும். நான் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முழுவதையும் செய்ய இரண்டு வகுப்பு நேரம் வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் 1 முதல் 6 வரை போதும்.

1. முதலில் புறத் திருப்பு விசையைத் தேடுங்கள்

விதி சொல்வது இவ்வளவுதான்: புறத் திருப்பு விசை (வெளியிலிருந்து சுழற்சியை மாற்றப் பார்க்கும் திருப்பல்) இல்லாதவரை கோண உந்தம் மாறாது. கோண உந்தம் என்பது நிலைமத் திருப்புத்திறனையும் (நிறை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதன் அளவு) கோணத் திசைவேகத்தையும் (சுழலும் வேகம்) பெருக்கி வருவது. ஒன்று குறைந்தால் மற்றது கூட வேண்டும்.

மாணவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை மனப்பாடம் செய்கிறார்கள், முதல் வாக்கியத்தின் நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். செய்துகாட்டும் ஆசிரியரும் அங்கேதான் சறுக்குகிறார். தரையில் உரசும் கால், தேய்ந்த பேரிங், இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும் நண்பரின் கை எல்லாமே புறத் திருப்பு விசைதான்.

ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு கரும்பலகையில் இரண்டு கேள்விகளை எழுதிவிடுங்கள்: "அமைப்புக்குள் என்னென்ன இருக்கின்றன?", "வெளியிலிருந்து எது இதைத் திருப்ப முடியும்?" இந்த இரண்டுக்கும் பதில் வராமல் யாரையும் சுழற்ற வேண்டாம்.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

நல்ல பேரிங் உள்ள சுழல் நாற்காலி அல்லது ஒருவர் நிற்கக்கூடிய சுழல்மேடை. தலா 2 கிலோ எடையுள்ள இரண்டு டம்பெல்கள். தலா 1 கிலோ எடையுள்ள இரண்டு மணல் பைகள். பேரிங் பொருத்திய சிறிய சுழல்தட்டு, அதன் மேல் போட ஒரு வளையம். வழவழப்பான விளிம்புள்ள குழாய், நைலான் நூல், ரப்பர் அடைப்பான். அச்சின் இரு முனைகளிலும் கைப்பிடி வைத்த சைக்கிள் சக்கரம். நீர்மட்டம் (தளம் சாயாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி), பாதுகாப்புக் கண்ணாடிகள், ஒட்டும் நாடா, ஒரு கைபேசி.

கைபேசி எதற்கு? அதற்குள் இருக்கும் ஜைரோஸ்கோப் கோணத் திசைவேகத்தை நேரடியாகத் தரும். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி அதை வரைபடமாகவே காட்டிவிடும்.

மணல் பைகளை "டம்பெல்தான் இருக்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள். 6ஆம் பகுதியில் அவை கையிலிருந்து பறக்கப் போகின்றன.

நாற்காலி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஆய்வகங்களில் திருகாணித் தண்டின் மேல் சுழலும் முக்காலி இருக்கும். சுற்றினால் இருக்கை மேலே ஏறும் அல்லது இறங்கும். அது இந்த வேலைக்கு உதவாது, மரைகளின் உராய்வு அவ்வளவு அதிகம். என் முதல் வகுப்பில் நான் அதைத்தான் பயன்படுத்தினேன். ஒரு சுற்றோடு நின்றுவிட்டது. பின் வரிசையிலிருந்து "சார், விதி தப்பா?" என்று ஒரு குரல். பதில் சொல்ல எனக்கு அடுத்த வகுப்பு வரை ஆனது.

உருளைகள் வைத்த அலுவலக நாற்காலி கிடைத்தால் உருளைகளைக் கழற்றுங்கள் அல்லது அசையாமல் கட்டுங்கள். இல்லாவிட்டால் சுழலும்போது நாற்காலி மொத்தமாக நகரும், அச்சும் கூடவே நகரும்.

3. நாற்காலியை முந்தின நாளே சோதியுங்கள்

இருக்கையின் மேல் நீர்மட்டத்தை வைத்து, இரு திசைகளிலும் பாருங்கள். அச்சு செங்குத்தாக இல்லையென்றால், உட்கார்ந்தவரின் நிறைமையம் ஒரு பக்கம் இறங்கவும் மறுபக்கம் ஏறவும் வேண்டியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறையும். வகுப்பில் அதைப் பார்ப்பவர்கள் கைகளை இழுக்காமலே வேகம் மாறுகிறதே என்று சரியாகவே குழம்புவார்கள்.

அடுத்து உராய்வு. ஒருவர் டம்பெல்களோடு கைகளை விரித்து உட்காரட்டும். மூன்று வினாடிக்கு ஒரு சுற்று என்ற அளவில் மெதுவாகச் சுற்றிவிடுங்கள். கையை அசைக்காமல் மூன்று சுற்றுகள். முதல் சுற்றுக்கு 3 வினாடி என்றால், மூன்றாவது சுற்றுக்கு 3.5 வினாடிக்கு மேல் ஆகக் கூடாது. அதற்கு மேல் ஆகிவிட்டால் பேரிங்கைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள்.

உராய்வை முழுவதும் ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டியதில்லை. கைகளை உள்ளே இழுக்க ஒரு வினாடி ஆகிறது. அந்த ஒரு வினாடியில் போகும் கோண உந்தம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருந்தால் போதும்.

4. பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். நாற்காலி நிலையாக இருக்கட்டும். மாணவர் கால்களைத் தரையிலிருந்து தூக்கி, டம்பெல்களோடு கைகளை விரிக்கட்டும். இப்போது கைகளை நெஞ்சுக்கு இழுக்கச் சொல்லுங்கள்.

ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காததைத்தான் காட்டுகிறோம். "கையை இழுத்த விசை சுற்றிவிடுகிறது" என்றால் இப்போதும் சுற்றியிருக்க வேண்டுமே? அச்சை நோக்கி நேராக இழுக்கும் விசைக்குத் திருப்பு விசை கிடையாது. பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கிறது.

துறுதுறுப்பான ஒரு மாணவர் இருப்பார். விரித்த கைகளை இடப்பக்கம் வீசுவார், நாற்காலி வலப்பக்கம் திரும்பும். "பார்த்தீங்களா, திரும்பிட்டேன்!" திட்டாதீர்கள், இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கைகள் ஒரு திசையில் போகும்போது உடல் எதிர்த் திசையில் போகிறது, கூட்டினால் பூஜ்யம். கைகள் நின்றதும் உடலும் நிற்கும். நாற்காலி திரும்பியபடியே நின்றாலும் சுழன்றுகொண்டே இருக்காது.

5. இப்போது கைகளை உள்ளே இழுக்கலாம்

முதலில் கைபேசியை இருக்கையின் பின்புறமோ அடியிலோ ஒட்டுங்கள். நடுவில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. விறைப்பான பொருள் ஒன்று சுழலும்போது அதன் எல்லாப் புள்ளிகளுக்கும் கோணத் திசைவேகம் ஒன்றே. ஆனால் மாணவரின் சட்டைப்பையில் வைக்காதீர்கள், உடல் அசைவெல்லாம் பதிவாகிவிடும்.

தள்ளுபவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தள்ளட்டும், விரித்த கையைப் பிடித்து அல்ல. தள்ளிவிட்டு இரண்டு அடி பின்னால் போய், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். கொஞ்சம் நாடகம்தான், ஆனாலும் புறத் திருப்பு விசை முடிந்துவிட்டது என்பதை வகுப்பு கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு முழுச் சுற்று கடந்த பிறகே "இழு" என்று சொல்லுங்கள்.

இரு கைகளும் ஒன்றாக, கிடைமட்டமாக, நெஞ்சை நோக்கி வர வேண்டும். ஒரு கை முந்தினால் நிறைமையம் அச்சை விட்டு விலகி நாற்காலி ஆடும். முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும்.

இழுத்தபின் மறுபடி விரிக்கச் சொல்லுங்கள். இது மிக முக்கியம். வேகம் பழைய அளவுக்கு இறங்கும். "காற்றுத் தடை குறைந்ததால் வேகம் கூடியது" என்ற பதில் இங்கே விழுந்துவிடும். தடை குறைந்தால் வேகம் இழப்பது குறையுமே தவிர, தள்ளிவிட்ட வேகத்தைவிட இருமடங்குக்கு மேல் எப்படிப் போகும்?

வரைபடத்தில் மூன்று மேடுகள் கிடைக்கும்: விரித்தது, இழுத்தது, விரித்தது. எடுத்துக்காட்டாக 2.1, 5.0, 1.8 ரேடியன்/வினாடி (ஒரு முழுச் சுற்று சுமார் 6.28 ரேடியன்) என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். புதியவர்கள் 5.0ஐ 2.1ஆல் வகுத்து 2.4 என்பார்கள். அப்படிச் செய்தால் இடையில் போன உராய்வு விடையில் ஒளிந்துகொள்ளும். முன்னும் பின்னும் உள்ள 2.1, 1.8 இரண்டின் சராசரி 1.95. அதனால் வகுத்தால் கிட்டத்தட்ட 2.6. உராய்வை இரு பக்கமும் சமமாகப் பங்கு வைத்துவிட்டோம்.

இந்த 2.6 எங்கிருந்து வருகிறது? உடலும் நாற்காலியும் சேர்ந்து, கைகள் மடங்கிய நிலையில், நிலைமத் திருப்புத்திறன் சுமார் 2 கி.கி.மீ² என்று கொள்ளுங்கள். கைகளை விரித்தால் கைகளின் சொந்த நிறையால் இன்னொரு 1 கூடும். தலா 2 கிலோ டம்பெல் அச்சிலிருந்து 0.8 மீட்டரில் இருந்தால் 2 × 2 × 0.64 = 2.56. ஆக விரித்த நிலையில் 5.56. உள்ளே 0.2 மீட்டருக்கு வந்துவிட்டால் டம்பெல்களின் பங்கு 0.16தான், மொத்தம் 2.16. விகிதம் 2.6.

சரி, பொருந்துகிறது என்று துள்ள வேண்டாம். உடலுக்கு நாம் வைத்த 2ம் 1ம் குத்துமதிப்பு. விடையைப் பார்த்துவிட்டு அந்த எண்களைத் திருத்தும் ஆசை எல்லா ஆசிரியருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. நாற்காலி சோதனையை எப்போதும் "எந்தப் பக்கம், ஏறக்குறைய எவ்வளவு" என்று மட்டுமே சொல்லுங்கள். விதியை எண்ணால் சோதிக்கிற இடம் 7ஆம் பகுதி.

ஆற்றலைப் பற்றி ஒரு கேள்வி கட்டாயம் வரும். மேலே உள்ள கணக்கில் உராய்வை விட்டுவிட்டால், சுழற்சி இயக்க ஆற்றல் தொடக்கத்தில் சுமார் 12 ஜூல், கடைசியில் 31 ஜூல். கூடுதல் 19 ஜூலைத் தந்தவை மாணவரின் தசைகள். வெளியே ஓடப் பார்க்கும் டம்பெல்களை உள்ளே இழுக்க வேலை செய்ய வேண்டியிருந்தது. உட்கார்ந்தவரையே கேளுங்கள், "சும்மா மடக்குவதைவிடக் கனமாக இருந்தது" என்பார். "இழுத்த விசையால்" என்று சொன்ன பிள்ளைகளிடம் இருந்த பாதி உண்மை இதுதான்: விசை ஆற்றலைக் கூட்டியது, கோண உந்தத்தைக் கூட்டவில்லை.

பாதுகாப்புக்கு மூன்று விஷயம். தலைசுற்றல் உள்ளவர்களை உட்கார வைக்க வேண்டாம். ஒருவருக்கு ஐந்தாறு சுற்றுக்கு மேல் வேண்டாம். நின்றதும் எழுந்துவிடாமல் சிறிது நேரம் அங்கேயே உட்காரட்டும்.

6. எடையைக் கைவிடச் சொல்லுங்கள்

என் கணக்கில் இந்தப் பாடத்தின் மிகப் பயனுள்ள இரண்டு நிமிடம் இதுதான். டம்பெல்களை வாங்கிக்கொண்டு மணல் பைகளைக் கொடுங்கள். கைகளை விரித்துச் சுழல வேண்டும். சொன்னதும் கைகளை அசைக்காமல் விரல்களை மட்டும் திறந்து பைகளை விட்டுவிட வேண்டும்.

சுழற்றும் முன் வாக்கெடுப்பு நடத்துங்கள்: வேகம் கூடுமா, குறையுமா, மாறாதா? "கூடும்" என்று பெரும்பாலான கைகள் எழும். ஒவ்வொருவரும் விடையைக் காகிதத்தில் எழுதட்டும். எழுதாவிட்டால் முடிவைப் பார்த்தபின் "நான் அதைத்தான் நினைத்தேன்" என்பார்கள்.

வேகம் மாறாது. நிலைமத் திருப்புத்திறன் குறைந்தது உண்மைதானே, பின் ஏன் கூடவில்லை? பைகள் தம் பங்குக் கோண உந்தத்தைத் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்விட்டன. கையில் இருந்தபோது பைக்கு இருந்த திசைவேகம், விட்ட கணத்திலும் அதேதான். கையை அது தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

பை எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். அச்சுக்கு நேர் எதிராக வெளியே அல்ல, வட்டத்தின் தொடுகோட்டில். 0.8 மீட்டர் தொலைவில் 2 ரேடியன்/வினாடி என்றால் பையின் வேகம் 1.6 மீட்டர்/வினாடி. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ அரை வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும், அதற்குள் முக்கால் மீட்டர் போய்விடும். உருள்வதையும் சேர்த்துச் சுற்றிலும் இரண்டு மீட்டருக்கு யாரும் நிற்கக் கூடாது.

இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான். விடும்போது மாணவர் தன்னை அறியாமல் கைகளைச் சற்று மடக்கிவிடுவார், வேகம் கூடிவிடும், "கூடும்" என்று வாக்களித்தவர்கள் கொண்டாடுவார்கள். சுழலாமல் இரண்டு முறை விரல் திறக்கும் பயிற்சி கொடுத்துவிடுங்கள்.

7. வளையத்தைப் போடுங்கள்: எண்ணால் சோதிக்கும் இடம்

இதில் மனித உடல் இல்லை. எல்லாவற்றையும் தராசிலும் அளவுகோலிலும் அளக்கலாம். அதனால்தான் உண்மையான சோதனையை இதற்கு வைத்தேன்.

சுழல்தட்டின் மேல் மெல்லிய ரப்பர் விரிப்பை ஒட்டுங்கள். வளையம் விழுந்தவுடன் வழுக்காமல் பிடித்துக்கொள்ள அது தேவை. கைபேசியைத் தட்டின் நடுவில் ஒட்டுங்கள். கைபேசியைச் சுற்றி இறங்கும் அளவுக்கு வளையத்தின் உள்வட்டம் பெரிதாக இருக்க வேண்டும்.

தட்டு 500 கிராம், ஆரம் 12 செ.மீ. என்றால் அதன் நிலைமத் திருப்புத்திறன் நிறை × ஆர வர்க்கத்தில் பாதி, அதாவது 0.0036 கி.கி.மீ². வளையம் 300 கிராம், சராசரி ஆரம் 11 செ.மீ. என்றால் நிறை × ஆர வர்க்கம், அதுவும் 0.0036. ஆக வளையம் விழுந்ததும் வேகம் சரிபாதியாக வேண்டும்.

செய்து பார்த்தால் பாதிக்குச் சற்று மேலே, சுமார் 0.53 வரும். உராய்வினால் குறைந்தால் புரியும், கூடுதலாக எப்படி வரும்? வகுப்பைத் தேடவிடுங்கள். திருடன் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறான்: கைபேசி. 200 கிராம், 16 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. அகலம் என்றால் அதற்கும் 0.0005 உண்டு. தொடக்கத்தில் 0.0041, முடிவில் 0.0077, விகிதம் 0.53. அளக்கும் கருவியும் அமைப்புக்குள் இருக்கிறது என்பதை இதைவிட நன்றாக நான் எங்கேயும் காட்டியதில்லை. 1ஆம் பகுதியில் "அமைப்புக்குள் என்ன" என்று எழுதிய பட்டியலில் கைபேசியைச் சேர்க்க யாராவது ஓடி வருவார்கள்.

வளையத்தை இரு கைகளாலும் பிடித்து, தட்டுக்கு மேல் ஒரு செ.மீ. உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விடுங்கள். உயரத்திலிருந்து போட்டால் துள்ளும். ஒரு கை முந்தினால் சாய்ந்து விழுந்து, மறு கை அதைப் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில் தட்டுக்கும் பிரேக் போட்டுவிடும். மையம் ஒரு செ.மீ. விலகினால் பதற வேண்டாம், கணக்கு ஒரு விழுக்காடுகூட மாறாது. பக்கவாட்டில் கை தள்ளிவிடுவதுதான் பெரிய பிழை.

வரைபடத்தை வாசிக்கும் முறையும் முக்கியம். விழுவதற்கு முன் மெதுவாக இறங்கும் கோடு, பின் செங்குத்தான வீழ்ச்சி, பின் மறுபடி மெதுவாக இறங்கும் கோடு. இரண்டு சரிவுக் கோடுகளையும் வீழ்ச்சி நடந்த கணம் வரை நீட்டி, அங்கே உள்ள மதிப்புகளை எடுங்கள். எங்கோ இரண்டு வினாடி முன்னும் பின்னும் எடுத்தால் பேரிங்கின் உராய்வை அளந்தவர்களாவீர்கள்.

இயக்க ஆற்றலும் 0.53 மடங்காகிவிடும். மீதி ரப்பரும் வளையமும் உரசிய வெப்பமாகவும் சிறு ஓசையாகவும் போனது. நாற்காலியில் ஆற்றல் கூடியது, இங்கே குறைந்தது, இரண்டிலும் கோண உந்தம் மாறவில்லை. இவ்விரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள்.

8. குழாய்வழி நூல்: நான்கு மடங்கு கிடைக்காத கதை

குழாய்க்குள் நூலைச் செலுத்தி, மேல் முனையில் 20 கிராம் ரப்பர் அடைப்பானைக் கட்டுங்கள். கீழ் முனை மறு கையில். அடைப்பானைச் சுழற்றிவிட்டு நூலைக் கீழே இழுத்தால் ஆரம் குறையும். 60 செ.மீ. ஆரத்திலும் 30 செ.மீ. ஆரத்திலும் குழாயின் கீழ் விளிம்பில் வரும் இடங்களை நூலில் மையால் குறித்துவிடுங்கள். சுற்றி நிற்பவர்களுக்கும் உங்களுக்கும் கண்ணாடி கட்டாயம்.

வேகத்தை வினாடிக்கு 2 சுற்றுக்கு மேலே கொண்டுபோங்கள். மெதுவாகச் சுழற்றினால் நூல் கிடைமட்டத்திலிருந்து நன்றாகத் தொங்கும், நூலின் நீளமும் வட்டத்தின் ஆரமும் ஒன்றாக இருக்காது. வினாடிக்கு ஒரு சுற்று என்றால் தொங்கல் 24 பாகை, இரண்டு சுற்று என்றால் 6 பாகைதான்.

வேகம் வந்ததும் குழாய் பிடித்த கையை நிறுத்துங்கள், முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். நூறில் தொண்ணூறு பேர் இங்கே தவறுகிறார்கள் என்றே சொல்வேன். கை வட்டமடித்துக்கொண்டே இருந்தால் அது புறத் திருப்பு விசை. அப்படிச் செய்தவர்களுக்கு விடை "நாலரை மடங்கு" என்று வந்திருக்கும், அவர்களும் மகிழ்ந்திருப்பார்கள்.

கோட்பாட்டின்படி ஆரம் பாதியானால் கோணத் திசைவேகம் நான்கு மடங்கு, நேர்கோட்டு வேகம் இரு மடங்கு. வினாடிக்கு 240 சட்டங்கள் (தனித்தனிப் படங்கள்) எடுக்கும் மெதுவியக்கக் காணொலியில் ஒரு சுற்றுக்கு முதலில் 120 சட்டங்கள், பின் 30 சட்டங்கள் வர வேண்டும். சாதாரண 30 சட்டக் காணொலியில் பின்னது நான்கு சட்டங்களுக்குள் முடிந்துவிடும், அதை எண்ணி ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கிடைப்பது நான்கு அல்ல, அதற்குக் கீழே. அடைப்பான் 15 மீட்டர்/வினாடி வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது, குழாயின் விளிம்பில் நூல் உரசுகிறது. இரண்டரை செ.மீ. குறுக்களவுள்ள அடைப்பானுக்குக் கணக்குப் போட்டால், உள் வட்டத்தில் ஒரு வினாடிக்குக் கோண உந்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு காற்றிலேயே போய்விடும். ஆகவே இழுத்து முடித்த முதல் சுற்றை மட்டும் எண்ணுங்கள். அரை வினாடி தள்ளி எண்ணினாலே விடை மாறிவிடும்.

"அப்படியானால் பத்தில் ஒரு பங்காக இழுத்தால் நூறு மடங்கா?" என்று ஒரு புத்திசாலி கேட்பார். நிமிடத்துக்கு 120 சுற்று 12,000 சுற்றாகுமே, யாரும் பார்த்ததில்லையே, விதி பொய்யா என்பார். கேள்வியை மழுப்பாதீர்கள். நூலின் இழுவிசை ஆரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம். 60 செ.மீ. ஆரத்தில் அது சுமார் 1.9 நியூட்டன், 30 செ.மீ. ஆரத்தில் 15 நியூட்டன். 6 செ.மீ. ஆரத்தில் 1,900 நியூட்டன், கிட்டத்தட்ட 190 கிலோ எடையைத் தூக்கும் விசை. அந்தக் கையும் அந்த நூலும் நம்மிடம் இல்லை. அவ்வளவு தூரம் மெதுவாக இழுக்கிற நேரத்தில் காற்றும் விளிம்பும் பெரும்பங்கைத் தின்றுவிடும். புறத் திருப்பு விசை சிறிது என்று ஒதுக்கலாமா என்பதை ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். பாதி ஆரத்துக்கு ஓரளவு ஒதுக்கலாம், பத்தில் ஒரு பங்குக்கு முடியாது.

9. கடைசியாக சைக்கிள் சக்கரம்

இதுவரை அளவைப் பார்த்தோம், இங்கே திசை வருகிறது. விரல்களைச் சுழற்சியின் திசையில் மடக்கினால் கட்டைவிரல் காட்டுவது கோண உந்தத்தின் திசை என்ற வலக்கை விதியை எல்லோரும் தம் கையால் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

சக்கரத்தின் டயரைக் கழற்றிவிட்டு விளிம்பில் கனமான கம்பியைச் சுற்றுங்கள். நிறை விளிம்பில் இருக்க இருக்கப் பலன் கூடும். கைப்பிடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நீண்ட கூந்தலும் தொங்கும் ஆடையும் கட்டப்பட்டிருக்க வேண்டும், விரல்கள் கம்பிகளுக்குள் போகக் கூடாது.

முதல் சோதனை, அச்சு கிடைமட்டமாக. மாணவர் கால்களைத் தரையில் ஊன்றி நாற்காலியில் சக்கரத்தைப் பிடிக்கட்டும், நீங்கள் சுழற்றிவிடுங்கள். கால் ஊன்றுவது ஏனென்றால், சுழற்றும் உங்கள் கையின் திருப்பு விசை தரைக்குப் போக வேண்டும், நாற்காலிக்கு அல்ல. கால்களைத் தூக்கியபின் அச்சை மெதுவாகச் செங்குத்தாக்கட்டும். நாற்காலி சக்கரத்துக்கு எதிர்த் திசையில் சுழலும். கிடைமட்டத்துக்குத் திருப்பினால் நிற்கும். செங்குத்தான நிலையில் சக்கரத்தின் விளிம்பை உள்ளங்கையால் தடவி நிறுத்தினாலும் நாற்காலி நிற்கும். தொடக்கத்தில் செங்குத்துத் திசையில் பூஜ்யம், கடைசி வரை பூஜ்யம்.

இரண்டாவது சோதனை, அச்சு முதலிலிருந்தே செங்குத்தாக. நாற்காலி நிலையாக, சக்கரம் சுழல, இப்போது தலைகீழாகத் திருப்ப வேண்டும். சக்கரத்தின் பங்கு நேர்க்குறியிலிருந்து எதிர்க்குறிக்குப் போவதால் மாணவருக்கு அதன் இருமடங்கு கிடைக்கும். சக்கரம் முதலில் சுழன்ற திசையிலேயே நாற்காலி சுழலும். சக்கரம் 0.12 கி.கி.மீ², வினாடிக்கு 4 சுற்று என்றால் கோண உந்தம் 3 அலகு. மாணவருக்கு 6. மாணவரும் நாற்காலியும் பிடித்திருக்கும் சக்கரமும் சேர்ந்து 3 கி.கி.மீ² என்றால் 2 ரேடியன்/வினாடி, மூன்று வினாடிக்கு ஒரு சுற்று.

இப்போது சக்கரத்தைக் கையால் நிறுத்தினால்? முதல் சோதனையைப் பார்த்தவர்கள் "நிற்கும்" என்பார்கள். நிற்காது. அதே திசையில் பாதி வேகத்தில் தொடரும், ஏனென்றால் தொடக்கத்தில் இருந்த 3 அலகு எங்கேயும் போகவில்லை. இந்த இரண்டு சோதனைகளையும் கலந்து செய்வதுதான் புதியவர்களின் குழப்பத்துக்குக் காரணம். ஒன்றை முடித்து, பலகையில் எழுதி, அப்புறம் மற்றது.

திருப்புவதை அவசரமாகச் செய்யக் கூடாது. இரண்டு வினாடியில் திருப்பினால் கைகளில் வரும் திருப்பு விசை சுமார் 4.7 நியூட்டன் மீட்டர். அரை வினாடியில் திருப்பினால் அதன் நான்கு மடங்கு, அது மாணவரைப் பக்கவாட்டில் சாய்க்கும். நாற்காலியின் பின்னால் ஒருவர் தொடாமல் தயாராக நிற்கட்டும்.

முதல் சோதனையில் கிடைமட்டமாக இருந்த கோண உந்தம் எங்கே போனது என்று கேட்பவர் இருந்தால், அவர் உண்மையிலேயே கவனித்திருக்கிறார். நாற்காலி செங்குத்து அச்சில் மட்டுமே தடையின்றிச் சுழலும். மற்ற திசைகளில் நாற்காலிக் கால்கள் தரையை அழுத்துகின்றன, தரை திரும்ப அழுத்துகிறது. அந்தத் திருப்பு விசையின் வழியே கிடைமட்டப் பங்கு பூமிக்குப் போகிறது. ஆகவே இங்கே மாறாமல் இருப்பது செங்குத்துக் கூறு மட்டும்தான். இதைச் சொல்லாமல் விட்டால் விதியைத் தவறாகச் சொல்லிக்கொடுத்தவர்களாவோம்.

10. வகுப்பு நடுவே ஏதாவது பொருந்தாவிட்டால்

கைகளை இழுத்தும் வேகம் கொஞ்சம்தான் கூடினால்: எடை போதவில்லை அல்லது கைகள் முழுவதும் நீளவில்லை. வெறுங்கையோடு இழுத்தால் ஒன்றரை மடங்குதான் வரும். எடையைவிடத் தொலைவு முக்கியம், தொலைவு வர்க்கமாக வருகிறது.

நாற்காலி ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுழன்றால்: நீர்மட்டத்தை எடுங்கள். அல்லது உட்கார்ந்தவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்.

கைபேசியின் வரைபடம் ஓர் உயரத்தில் தட்டையாகிவிட்டால்: உணரியின் எல்லையைத் தொட்டுவிட்டது. பல கைபேசிகளில் அது வினாடிக்கு 2,000 பாகை, அதாவது சுமார் 35 ரேடியன். சுழல்தட்டை அவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டியதே இல்லை, வினாடிக்கு ஒரு சுற்று போதும்.

வளையச் சோதனையில் ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தால்: போடுபவரை மாற்றுங்கள். உண்மையாகவே அதுதான் காரணமாக இருக்கும்.

எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் விகிதம் வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். உராய்வு எப்போதும் குறைக்கத்தான் செய்யும். கூடியிருந்தால் யாரோ தள்ளியிருக்கிறார்கள், இல்லையென்றால் எதையோ எடைபோட மறந்திருக்கிறோம்.